சுழலும் சட்டையும் குப்பி விளக்கும்

பெண் குழந்தைக்குச் சட்டை வாங்கிக் கொடுப்பது எளிது. தைத்துக் கொடுப்பதுதான் கடினம். வாங்கிய சட்டை பிழைத்தால் கடைக்காரரைக் குறை கூறிவிடலாம். வீட்டிலே தைத்த சட்டை பிழைத்தாலோ, அந்தப் பிழை நாள்தோறும் தைத்தவளின் கண்முன்னே நடமாடிக்கொண்டிருக்கும். இதனை நன்கறிந்திருந்தும், சென்ற தவணையில் என் மகளுக்கு ஓர் அகன்ற சட்டை தைத்துத் தருவதாக வாக்களித்துவிட்டேன்.

அவளுக்கு வயது பன்னிரண்டு. பாடசாலையின் ஆங்கில தின விழாவில் நாடகமொன்றில் நடிக்கத் தெரிவாகியிருந்தாள். இடையில் இறுகி, கீழே குடைபோல விரியும் சட்டை வேண்டுமென்றாள். 1947ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பாரிஸ் நகரிலே கிறிஸ்டியன் டியோர் என்பவர் அரங்கேற்றிய உடைக்கோலத்தின் வழிவந்த சட்டை அது. பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை துணிக்கும் பங்கீடு இருந்தது. அளந்தளந்து வெட்டிய ஒடுங்கிய உடைகளையே கண்டு சலித்த பெண்களுக்கு, யார் கணக்காகத் துணி செலவிட்ட அந்தப் பாவாடை பஞ்சம் நீங்கியதன் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை. வீண் செலவு என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள். எனினும் அந்தக் கோலம் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. என் தாயாரும் 1966இல், தமது பன்னிரண்டாவது வயதில், அத்தகைய சட்டையொன்று அணிந்தவரே.

நான் கணிதம் கற்பிப்பவள். வட்டப் பாவாடையோ கணிதம் பெற்ற பிள்ளை. மகளின் இடை 22 அங்குலம். சுற்றளவை இரண்டு பையால் வகுத்தால் ஆரை கிடைக்கும் என்று எத்தனையோ வகுப்புகளில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பையின் பெறுமானத்தை 22/7 எனக் கொண்டால், ஆரை மிகச் சரியாக 3½ அங்குலம். பாவாடையின் நீளமும் 22 அங்குலம். ஆகவே வெளிவட்டத்தின் ஆரை 25½ அங்குலம். விளிம்பின் சுற்றளவு ஏறக்குறைய 160 அங்குலம். அதாவது நாலரை யாருக்குச் சற்றுக் குறைவு. இத்தனை அகலமும் இடையில் ஒரு சுருக்குக்கூட இல்லாமல் விழும் என்பதே வட்டவெட்டின் சிறப்பு.

கணக்குத் தந்த பெருமிதத்தோடு 3½ அங்குல ஆரையில் கத்தரிக்கோலை வைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"மூண்டிலை வெட்டு, பிள்ளை. தையலுக்கு அரை அங்குலம் ஆர் விடுறது?"

உண்மைதான். 3½ அங்குலத்தில் வெட்டி, அதற்குமேல் அரை அங்குலம் உள்ளே தைத்தால் இடை 25 அங்குலத்தையும் தாண்டிவிடும். அம்மா இன்னொன்றும் சொன்னார். வெட்டிய பாவாடையை ஒரு நாள் கொடியிலே தொங்கவிட்ட பின்னரே விளிம்பை மடிக்க வேண்டும். வட்டத்தில் சில பகுதிகள் துணியின் குறுக்குவாட்டில் அமைகின்றன. அவை தம் பாரத்தால் இழுபட்டு நீளும். அவசரப்பட்டு மடித்துத் தைத்தால், இரண்டொரு நாளில் விளிம்பு ஏறியும் இறங்கியும் நிற்கும். என் பட்டம் கற்பிக்காத பாடம் இது.

சட்டை முடிந்தது. ஆனால் வட்டப் பாவாடை தானாகக் குடைபோல நிற்பதில்லை. அதை நிமிர்த்திப் பிடிப்பது உள்ளே அணியும் பாவாடையே. மறுநாள் நான் நைலோன் வலைத்துணி மூன்று யார் வாங்கி வந்தேன். கான்கான் தைப்பதற்கென்றே கடையில் விற்கும் விறைத்த வலை அது. அதைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறியது.

"உந்த வலையை இந்த வீட்டுக்குள்ளை கொண்டு வராதை."

அவ்வளவுதான். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். மகள் அழுதாள். "அம்மம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம். நீங்களும் பேசாமல் நிக்கிறியள்" என்று என்னையும் சாடினாள். நான் பேசாமல் நின்றதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் என் வலது கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குப் படிந்திருக்கிறது. சிறுவயதில் சைக்கிளால் விழுந்த தழும்பு என்று என் மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்.

1992இல் எனக்கு வயது பதினொன்று. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மண்ணெண்ணெய்க்குத் தடை, கிடைப்பதை மருந்துபோல அளந்து ஊற்றிக் குப்பி விளக்கு ஏற்றுவோம். ஒருநாள் மாலை, அம்மாவின் பெட்டியடியில் இருந்த பழைய சட்டையையும் அதன் நைலோன் வலைப் பாவாடையையும் எடுத்து அணிந்துகொண்டேன். அம்மாதான் கொக்கி மாட்டிவிட்டார். "சுத்து, பாப்பம்" என்று சொன்னவரும் அவரே. நான் திண்ணையிலே சுழன்றேன். தரையில் இருந்த விளக்கை இருவருமே மறந்துபோனோம்.

வலை பற்றியதை நான் அறியவில்லை. அம்மா வாசற்படியில் கிடந்த சாக்கை இழுத்து என்மேல் போட்டதும், என்னைத் தரையோடு அழுத்தியதும் மட்டுமே நினைவிருக்கின்றன. பருத்தித் துணி எரிந்து சாம்பலாகும். நைலோனோ உருகிச் சொட்டித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். என் காலில் ஒட்டியதைவிட, அணைத்த அம்மாவின் உள்ளங்கையில் ஒட்டியதே அதிகம். வலக்கையின் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நிமிர்வதில்லை. அந்த விரல்களோடுதான் அவர் பின்னர் ஊராருக்குச் சட்டை தைத்து என்னைப் படிப்பித்தார்.

அந்த மாலையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசியதில்லை. "சுத்து" என்று சொன்ன குற்றத்தை அவரும், பெட்டியைத் திறந்த குற்றத்தை நானும் தனித்தனியே சுமந்து வந்தோம். மௌனமாக இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணியிருந்தேன். ஆனால் மகள் "எல்லாத்துக்கும் பயம்" என்று சொன்ன போதுதான், அந்த மௌனம் என் தாயைத் தன் பேத்தியின் கண்ணில் ஒரு பயந்தாங்கொள்ளியாக்கிவிட்டதை உணர்ந்தேன். அன்றிரவு மகளை அருகிருத்தி உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், அம்மம்மாவின் வலக்கையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"இப்பிடி வேறை ஆரும் எரிஞ்சவையோ, அம்மா?" என்று பின்னர் கேட்டாள். படித்ததைச் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் குதிரை மயிர் கலந்து நெய்த விறைத்த துணியில் உட்பாவாடை அணிந்தார்கள். கிரினொலின் என்ற பெயரின் முற்பாதி குதிரை மயிரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே. 1856இல் உருக்கு வளையங்களால் ஆன கூடு வந்தது. அடுக்கடுக்காகச் சுமந்த பல பாவாடைகளின் பாரம் அதனால் குறைந்தது. ஆனால் பாவாடையின் விளிம்பு அணிந்தவளுக்கே தெரியாத தூரத்துக்கு விலகிப் போயிற்று. அடுப்பும் மெழுகுவர்த்தியும் அதனை எளிதில் எட்டின. உள்ளே நிறைந்திருந்த காற்றும் நெருப்புக்கு உதவியது. 1863 டிசம்பர் 8ஆம் திகதி, சிலி நாட்டின் சந்தியாகோ நகரத் தேவாலயமொன்றில் மூண்ட தீயில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய அகன்ற பாவாடைகளும் வெளியேறும் வழியை அடைத்தன.

மறுநாட் காலை அம்மாவே தையல் மெசினின் முன் அமர்ந்திருந்தார். வெள்ளைப் பொப்ளின் துணியில் மூன்று அடுக்குப் பாவாடை. மேலடுக்கு 34 அங்குலம். இடையில் இலாஸ்டிக் கோத்தது. நடுவடுக்கு 68, கீழடுக்கு 136. ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம். "இது பெருக்கல் விருத்தி" என்றேன். "இது சுருக்கு" என்றார் அம்மா. மேலடுக்கிலே சுருக்கு அதிகமின்மையால் இடை பருத்துத் தோன்றாது. விரிவெல்லாம் கீழே இறங்கும். மொத்த நீளம் 21 அங்குலமாகையால், சட்டைக்குக் கீழே ஓர் அங்குலமும் எட்டிப் பார்க்காது. சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் உலர்த்தி, அழுத்தியதும் பாவாடை விறைத்து நின்றது. வலையைப் போல அத்தனை உயரம் எழும்பவில்லை என்பது மெய்யே. ஆனால் தோலை உரசிக் கடிக்கவுமில்லை.

"பஞ்சுத் துணியும் எரியும், பிள்ளை" என்று அம்மா பேத்தியிடம் சொன்னார். "உருகி ஒட்டாது, அவ்வளவுதான். விளக்கு எங்கை இருக்கெண்டு பாக்கிறதுதான் காவல்."

விழாவுக்கு முதல்நாள் மாலை மகள் முழு உடையும் அணிந்து கூடத்துக்கு வந்தாள். சாமியறையில் அப்போதுதான் விளக்கேற்றியிருந்தேன். அம்மா கதிரையில் இருந்தார். கைகள் மடியில் இறுகப் பிணைந்திருந்தன. மகள் சுழலப் போனவள், நின்றாள். விளக்கைப் பார்த்தாள். பின்னர் மெல்ல நடந்து முற்றத்துக்கு இறங்கினாள்.

"அம்மம்மா, இனிச் சொல்லுங்கோ" என்றாள்.

சிறிது நேரம் ஒரு சத்தமும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாயில் வராத சொல் அது.

"சுத்து, பாப்பம்" என்றார் அம்மா.

160 அங்குல விளிம்பும் ஒருசேர எழுந்து முற்றத்து மாலை வெளிச்சத்திலே வட்டமாக விரிந்தது. நான் பாவாடையைப் பார்க்கவில்லை. அம்மாவின் மடியைப் பார்த்தேன். பிணைந்திருந்த கைகள் விடுபட்டு, நிமிராத அந்த இரண்டு விரல்களும் சேர, மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.