பரண் மேல் ஒரு வாராக்கடன்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பிஸ்கட் கிடையாது, வாரண்டி கார்டுகள். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கொசு பேட் என்று சகலத்துக்கும். பாதிப் பொருள்கள் காலமாகிவிட்டன. கார்டுகள் மட்டும் தீர்க்காயுசு!

பர்மா பஜாரில் ரேடியோ வாங்கிய அப்பா காலத்தில் வாரண்டி என்பது பீச் ஸ்டேஷன் வரைதான். ரயில் ஏறிவிட்டால் அவரவர் அதிர்ஷ்டம். நமக்கோ நானூற்றைம்பது ரூபாய் எமர்ஜென்ஸி லைட்டுக்கே ஒரு வருஷ வாரண்டி. 2023 மே மாதம் டோல்கேட்டில் வாங்கினேன். அக்டோபரில் அது கண்ணை மூடிக்கொண்டது. ப்ளக்கில் செருகினால் சிவப்புப் புள்ளி எரியும். பிடுங்கினால் அதுவும் போய்விடும்.

கடைக்குப் போனேன். "நம்ம கைல ஒண்ணும் இல்ல சார். மவுண்ட் ரோடு சர்வீஸ் சென்டருக்குத்தான் போவணும். இன்னா, இத்துக்கோசரம் அம்மாந்தூரம் போவப் போறியா?" என்றார்.

நான் பி.காம். சும்மா விடுவேனா? பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். மெட்ரோவில் போக வர 60. டீ, வடை 40. அரை நாள் எழுத்து வேலை கெடுவதற்கு 300. ஆக 400. கொடுக்க ஒரு நடை, வாங்க ஒரு நடை, மொத்தம் 800. 450 ரூபாய்ப் பொருளுக்கா? போவதில்லை என்று தீர்ப்பெழுதி, லைட்டைப் பரணில் ஏற்றினேன்.

"அப்ப புதுசு ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு? இதுக்குத்தான் வாரண்டி இருக்கே! அந்தப் பக்கம் போறப்ப மாத்திக்கலாம்."

கவனித்தீர்களா? போகவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன்.

டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். கரண்ட் போனது போனதுதான். இரண்டாம் ராத்திரி மெழுகுவத்தி தீர்ந்தது, செல்போன்களும் செத்தன. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, சமையலறை வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. தினமும் நான்தான் சோறு ஊட்டினேன். ஒரு நாள்கூட அவள் அந்த லைட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரியில் கார்டை எடுத்துப் படித்தேன். பேட்டரிக்கு ஆறு மாதம்தான் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. நவம்பரிலேயே கெடு முடிந்துவிட்டது.

என் கணக்கு தப்பில்லை சார். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. வராது என்று தெரிந்த கடனை வாராக்கடன் என்று எழுதித் தள்ள வேண்டும், சொத்தில் காட்டக் கூடாது என்று காலேஜில் சொல்லித் தந்தார்கள். நானோ எரியாத லைட்டை, ஒரு அட்டையின் தைரியத்தில், வீட்டில் லைட் இருப்பதாகவே கணக்கு வைத்திருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. சின்னப் பொருள் கெட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு. போய் மாற்ற வேண்டும்; இல்லையென்றால் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். இருட்டிலும் அவசரத்திலும் தேவைப்படுகிற பொருளா? முதலில் புதுசு, அப்புறம் சண்டை. பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுவேன். இந்தக் காலத்து பில் எழுத்து சில மாதத்தில் ஆவியாகிவிடுகிறது.

சண்டைக்கும் வழி இருக்கிறது. 1986 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். மெட்ரோ டிக்கெட், வடை எதுவும் தேவையில்லை.

போன மாதம் பிஸ்கட் டின்னைக் காலி செய்தேன். உயிரோடிருக்கும் பொருள்களுக்கு மூன்று கார்டுதான் தேறியது. டின்னில் இப்போது அம்மா முறுக்கு போட்டு வைத்திருக்கிறாள்.

மூடியை இடது கையால்தான் திறக்கிறாள்.