எண்ணெய்த் தலை

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் துறை

‘எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் அறிவை நினைத்துச் சொன்னார்கள். ஆனால் ஒருவரை முதன்முதலாகப் பார்க்கும்போது அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதையா நாம் பார்க்கிறோம்? தலைமேல் என்ன இருக்கிறது என்பதைத்தானே பார்க்கிறோம்! காற்றில் பறக்கும் தலை என்றால் நகரம்; படிந்து மின்னும் தலை என்றால் பட்டிக்காடு. இந்தத் தீர்ப்பு எழுத நமக்கு ஒரு நிமிடங்கூடத் தேவைப்படுவதில்லை.

ஆண்டு மலருக்கு எழுத உலகில் எத்தனையோ பொருள்கள் இருக்க, எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றியா எழுதுவது என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஓர் ஆண்டுக்கும் மேலாக என் காலைப் பொழுதையும் கைக்காசையும், உண்மையைச் சொன்னால் என் தன்மானத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் இதுதான்.

என் தலை இயற்கையிலேயே எண்ணெய் வழியும் தலை. இன்று காலை குளித்தால் நாளை மாலைக்குள் உச்சியில் முடி ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் நாள் பார்ப்பவர்கள் கால்படி எண்ணெய் வைத்திருக்கிறேன் என்றே நினைப்பார்கள். முதலாண்டில் விடுதியில் எனக்குச் ‘செக்கு’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர்; அவர்களுள் இருவர் இன்று என் உயிர்த் தோழியர். எனினும், செய்முறை வகுப்பில் ஒருத்தி தன் முக்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாளே, அந்த ஒரு சாண் தூரத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு கரிசற்காட்டுக் கிராமம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான் முதல். அம்மா கரிமூட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் புகாமல் நாட்கணக்கில் எரியவிட்டுக் கரியாக்கும் தொழில் அது. மூட்டம் பிரிக்கும் நாளில் அம்மா வீடு திரும்பும்போது, தலையில் கட்டிய துணியையும் மீறிக் கரித்தூள் முடிக்குள் இறங்கியிருக்கும். அந்தத் தலைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஆனால் வாரத்திற்கு ஒரு நாள்தான் கிடைக்கும். ஏனெனில் எங்கள் ஊர்க் கிணற்று நீர் உவர்நீர். நல்ல தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். தலைக்கு ஊற்ற ஓர் ஆளுக்கு இரண்டு குடம். வீட்டில் பெண்கள் மூவர். தினமும் குளிப்பதென்றால் ஆறு குடம். எங்கள் வண்டியே ஆறு குடத்து வண்டிதான்!

விடுதிக்கு வந்த புதிதில் நான் தினமும் தலைக்குக் குளிக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அம்மா வியந்துபோனார். “ஏத்தா, ஆஸ்டல்ல எல்லாப் பிள்ளைகளும் தெனமுமா தலைக்கு ஊத்துறாக? அம்புட்டுத் தண்ணி எங்கருந்துத்தா வருது?” என்றார். அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

தினமும் குளிப்பது விடுதியிலும் எளிதாக இல்லை. காலையில் தண்ணீர் வருவதே சிறிது நேரம். ஈரத் தலையோடுதான் வகுப்புக்குப் போக வேண்டும். ஷாம்புப் பொட்டலம் ஒன்றின் விலை சிறிதுதான். முப்பது நாளுக்குக் கூட்டிப் பார்த்தால் சிறிதன்று. இந்த நிலையில்தான் ஒரு தோழி கைப்பேசியில் ஓர் அறிவுரையைக் காட்டினாள். “தலைக்குக் குளிக்கக் குளிக்கத்தான் எண்ணெய் அதிகம் சுரக்கும். குளிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தால், தலை தானாகவே பழகிக்கொண்டு எண்ணெயைக் குறைத்துவிடும்” என்பது அதன் சாரம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! தண்ணீரும் மிச்சம், காசும் மிச்சம். ஆனால் வேதியியல் படிக்கும் பெண் அப்படியே நம்பிவிடலாமா? நூலகத்தில் தோல் பற்றிய பாடங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. முடி வேர்களை ஒட்டிச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் வேலை வியப்புக்குரியது. சுரப்பியின் உள்ளே இருக்கும் உயிரணுக்கள் கொழுப்பால் நிரம்பிப் பருத்து, பின் தாமே உடைந்து எண்ணெயாகி வெளிவருகின்றன. நாம் மயிரெண்ணெய் என்று ஒதுக்குவது, நமக்காகத் தம்மை அழித்துக்கொண்ட உயிரணுக்களையே! அதில் டிரைகிளிசரைடுகள், மெழுகு எஸ்டர்கள், ஸ்குவாலின் ஆகியவை கலந்திருக்கும். இந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளையிடுவது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்கள். அவை பெண்களின் உடலிலும் உண்டு. பருவ வயதில் அவை பெருகுவதால்தான் பதினைந்து வயதில் முகத்தில் பருவும் தலையில் பிசுக்கும் கைகோத்து வருகின்றன. பிசுக்கு அழுக்கின் அடையாளமன்று, வயதின் அடையாளம். சுருட்டை முடியைவிட நேரான முடியில் எண்ணெய் எளிதாகப் பரவுவதால் விரைவில் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வளவே!

நாம் எத்தனை முறை குளித்தோம் என்ற கணக்கு அந்தச் சுரப்பிகளுக்குத் தெரியாது. குளித்தால் மேலே இருக்கும் எண்ணெய் போகும். கீழே சுரப்பது சுரந்துகொண்டேதான் இருக்கும். ‘தலை பழகிக்கொள்ளும்’ என்பதற்கு நான் படித்த எந்தப் பாடத்திலும் சான்று இல்லை.

படித்ததோடு நிற்காமல் ஒரு சிறு சோதனையும் செய்தேன். எண்ணெய் பட்ட தாளின் ஊடே ஒளி புகும் என்பது பலகாரக் கடைப் பொட்டலத்தைப் பார்த்த எல்லோரும் அறிந்ததே. ஆய்வகத்தில் வெட்டி எறியும் வடிதாள் துண்டுகளைப் பேராசிரியையிடம் அனுமதி பெற்று எடுத்துக்கொண்டேன். எட்டு வாரம், மூன்று நாளுக்கு ஒரு முறை மட்டும் தலைக்குக் குளித்தேன். ஒவ்வொரு முறையும் குளிப்பதற்கு முன் உச்சியில் ஒரு துண்டை ஒற்றி, தேதியிட்டு, நோட்டில் ஒட்டினேன். எட்டாம் வாரம் எல்லாவற்றையும் சன்னல் வெளிச்சத்தில் வரிசையாகப் பிடித்துப் பார்த்தபோது, முதல் வாரத்துக் கறைக்கும் கடைசி வாரத்துக் கறைக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒரு தலையில் செய்த சோதனை உலகத்துக்கு விதியாகாது என்பதை அறிவேன். ஆனால் என் தலைக்கு அது போதுமான விடை.

அப்படியானால் தினமும் குளிப்பதே சரியா? ஆசிய மக்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி குளிப்பது முடிக்குக் கேடில்லை, நன்மையே என்கிறது. ஆனால் அதை நடத்தியவர்கள் ஷாம்பு தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள்! அதனாலேயே அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். தராசு பிடிப்பவர் யார் என்று பார்த்துவிட்டு எடையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

பிசுக்கு அளவோடு இருந்தால் நோயன்று. எனினும் அதை நெடுநாள் விட்டுவைப்பதிலும் சிக்கல் உண்டு. மலசீசியா என்னும் ஈஸ்ட் நம் எல்லோர் தலையிலும் வாழ்கிறது. அது எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். சிலருடைய தோலுக்கு அது ஒவ்வாமல் அரிப்பும் பொடுகும் வரும். அத்தகையோர் குளிப்பதைக் குறைப்பது நல்லதன்று. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியன் அவையில் நக்கீரர் வழக்காடினார் அல்லவா? புதிதாய்ச் சுரந்த எண்ணெயைவிட, நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்தபின் எழும் வாடையே நம் மூக்கை எட்டுகிறது. இந்தச் செய்தி அன்று அவையில் தெரிந்திருந்தால் தருமியின் பொற்கிழி என்னவாகியிருக்குமோ!

எதைக் கொண்டு கழுவுவது என்பதும் முக்கியம். எங்கள் ஊர் உவர்நீரில் சோப்புப் போட்டால் முடி பிசினாக ஒட்டிக்கொள்ளும். நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத திரிதிரியான பொருளாகி முடியிலேயே படிவதுதான் காரணம். பள்ளியில் ‘கடின நீர்’ பாடம் நடந்த அன்று, ‘இது நம் வீட்டுக் கதையல்லவா!’ என்று நினைத்தேன். ஷாம்புவில் உள்ள அழுக்குநீக்கிகள் அப்படித் திரிவதில்லை. சீயக்காயிலும் பூந்திக்காயிலும் சப்போனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். பாட்னாவில் பிறந்த தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ‘ஷாம்பு’ குளியலறை நடத்திப் புகழ் பெற்றார். அன்று அச்சொல்லுக்குப் பிடித்துவிடுதல், அமுக்குதல் என்பதே பொருள். அது பொட்டலத்தில் அடைபட்டுக் குக்கிராமத்துப் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கியதில் நம் கடலூருக்குப் பெரும்பங்கு உண்டு. பொட்டல ஷாம்புவுக்கு வழிகாட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கியதே சிக் ஷாம்பு. பாட்டிலுக்குக் காசில்லாதவரும் ஒரு வேளைக்கு வாங்கலாம் என்ற நிலை வந்தது. பொட்டலம் வந்துவிட்டது, இரண்டு குடம் தண்ணீர்தான் இன்னும் பொட்டலத்தில் வரவில்லை!

இவற்றையெல்லாம் எண்ணி நான் வகுத்துக்கொண்ட முறை இதுதான். வாரத்தில் இரண்டு முறை குளியல். தண்ணீரையும் ஷாம்புவையும் முடியின் நுனிக்கு வீணாக்காமல், எண்ணெய் சுரக்கும் தோலுக்குக் கொடுக்கிறேன். கழுவியபின் நன்றாக அலசுகிறேன். தலையணை உறையையும் சீப்பையும் வாரம் தவறாமல் துவைத்துக் கழுவுகிறேன். அவற்றில் இருக்கும் பழைய எண்ணெய் புதுத் தலைக்கு ஏறாதிருக்க. அடிக்கடி உச்சியைத் தொடுவதையும் வாருவதையும் குறைத்தேன். விடுதியில் சிலர் செய்வதுபோல் முகப்பவுடரை உச்சியில் தூவித் தட்டினால் எண்ணெயை அது உறிஞ்சி ஒரு பகல் தாங்கும்; ஆனால் அது கழுவியதாகாது. மூன்றாம் நாள் இறுக்கிப் பின்னல் போட்டுவிட்டால் பிசுக்கு யாருக்கும் தெரிவதில்லை. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று பாட்டிமார் எண்ணெய்க் குளியலுக்கு நாள் குறித்தார்களே, கூட்டிப் பாருங்கள்! நான் எட்டு வாரம் வடிதாள் ஒட்டிக் கண்டுகொண்ட அதே இடைவெளி.

ஒன்றில் மட்டும் அறிவியலுக்கும் வீட்டுக்கும் சிறு வழக்கு இருந்தது. குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவினால் முடியின் புரத இழப்பு குறைகிறது என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் அந்த நன்மை முடித்தண்டுக்குத்தான்; ஏற்கெனவே எண்ணெய் வழியும் உச்சிக்கு அது தேவையில்லை. ஊருக்குப் போனபோது, “உச்சியில் வேண்டாம் அம்மா, பின்னலுக்கு மட்டும் தடவுங்கள்” என்றேன். “உச்சியில வைக்காம எண்ண என்னத்துக்குத்தா? சூடு எறங்க வேணாமா?” என்றார் அம்மா. கரி பிடித்து வெடித்த அந்த விரல்கள் உச்சியில் ஒரே ஒரு சொட்டை வைத்துத் தேய்த்தன. அம்மா என் பின்னே அமர்ந்து, ஒரு வேலையும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது ஒன்றுதான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை விழும் அந்த ஒரு சொட்டைச் சோதனைக் குறிப்பேட்டில் ‘மாறிலி’ என்று எழுதிவைத்தேன். அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை.

நண்பர்களே! குறைவாகக் குளிப்பது இன்று சிலருக்கு நாகரிகம். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று அதைச் சொல்கிறார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில் அது ஒரு விருப்பம். வண்டி தள்ளும் வீட்டில் அது விருப்பமன்று, கணக்கு. இரண்டு தலைகளும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் மின்னும். ஆனால் ஒன்றைப் பாராட்டுகிறோம். மற்றொன்றிலிருந்து முக்காலியைத் தள்ளிப் போடுகிறோம்.

அடுத்த ஆண்டும் முதலாண்டு வகுப்பிற்குப் புதியவர்கள் வருவார்கள். அவர்களுள் படிந்த தலையோடு, கடைசி வரிசையைத் தேடும் கண்களோடு சிலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன், அவர்கள் ஊரில் தண்ணீர் எத்தனை கல் தொலைவில் இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின், பக்கத்தில் இருக்கும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.