அக்குறணையில் கற்ற புல் பாடம்

கண்டியிலிருந்து மாத்தளை பஸ்ஸில் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அக்குறணை வந்துவிடும். வீதியின் இருபுறமும் கடைகள். அவற்றின் பின்னால் கராம்பு, மிளகு, சாதிக்காய் நிற்கும் தோட்டங்கள். மழை கடுமையானால் பிங்கா ஓயா கடைவீதிக்குள் வந்துவிடும். இது ஏ9 வீதி. இதே வீதியில் நேரே போனால் எங்கள் கிளிநொச்சி, யாழ்ப்பாணம்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு பிழையைச் சுமந்துகொண்டு போனேன்.

கிளிநொச்சியில், போரில் கணவனை இழந்த ஒரு சகோதரியின் பிள்ளைகளுக்கு எங்கள் திட்டம் ஒன்றின் மூலம் இரண்டு முயல்கள் கிடைத்தன. "என்ன குடுக்கிறது, மிஸ்?" என்று அவர் கேட்டார். "கரட், கோவா, மிச்சப் பாண், எதையும் தின்னும்" என்றேன். சமூகவியல் படித்த எனக்கு முயலைப் பற்றித் தெரிந்தது கதைப்புத்தகப் படம் மட்டுமே. ஒரு மாதத்துக்குள் இரண்டும் வயிறு ஊதிச் செத்தன. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நான் தொட்டது எதுவும் தங்காது, மிஸ்" என்றார். அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

அக்குறணையில் ஒரு ராத்தா பல வருடங்களாக முயல் வளர்க்கிறார் என்று தோழி ஒருத்தி அழைத்துச் சென்றாள். அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடுப்போடு வந்தவர். என் ஊரைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாங்க மகள், முதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றார்.

பனி காய்ந்த பிறகு, அடியில்லாத கம்பிக் கூட்டைக் கராம்பு மர நிழலில் வைத்து நான்கு முயல்களை விட்டார். அவை தலை நிமிராமல் மேய்ந்தன. ஓரிடத்துப் புல் தீர்ந்ததும் கூட்டை நகர்த்தினார். நாய், கீரி வரும் என்பதால் அவர் அங்கிருந்து அசையவேயில்லை. மாலையில் கூட்டுக்குத் திரும்பியதும் காய்ந்த கினிப் புல்லை அள்ளிப் போட்டார். பகல் முழுவதும் மேய்ந்தவை அதையும் விடாமல் மென்றன.

"இதுக்குப் புல்தான் சோறு, மகள். கரட் எல்லாம் பெருநாள் பலகாரம் மாதிரி" என்றார்.

காரணத்தையும் விளக்கினார். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளரும். முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். நார்ப் புல்லை மென்றால்தான் அது தேயும். குடல் ஓய்வின்றி இயங்க வேண்டும். அதற்கும் நார் வேண்டும். பாணும் மாப்பொருளும் அதிகமானால் வயிற்றில் வாயு கட்டும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

புல்லைப் பூக்கும் முன் அறுத்து, மெல்லியதாகப் பரப்பி, புரட்டிப் புரட்டி உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் அவர் அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைக்கிறார். பூஞ்சணம் பிடித்ததைக் கொடுக்கக் கூடாது. அறுத்துக் குவித்துச் சூடேறிய ஈரப்புல்லும், களைநாசினி அடித்த வீதியோரப் புல்லும் ஆகாது. பச்சைப்புல்லுக்குப் பழகாத முயலுக்குச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வன்னியில் நிறையக் கிடைக்கும் நெல் வைக்கோலைக் கூட்டில் விரிக்கலாம். அதில் சத்துக் குறைவு. எங்கள் வெயிலில் முயலுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

புறப்படும்போது ஒரு பை நிறையக் காய்ந்த புல் தந்தார். "அந்தப் பிள்ளைக்கிட்டச் சொல்லுங்க, அவட கையில பிழையில்லை எண்டு."

அந்தப் பையோடு கிளிநொச்சி சென்று, "பிழை என்னுடையது" என்று சொன்னேன். சகோதரி நெடுநேரம் அந்தப் புல்லை முகர்ந்து பார்த்தார். "இதை நானே காய வைப்பனே" என்றார்.

அவர் இன்னும் முயல் வாங்கவில்லை. ஆனால் அவர் மகன் வேலியோரப் புல்லை அறுத்துத் திண்ணையில் உலர்த்தத் தொடங்கிவிட்டான்.

சகோதரிகளே, உங்களுக்கு யாராவது ஆடோ கோழியோ முயலோ தந்தால், அதற்கு என்ன தீன் என்பதை வளர்த்த ஒருவரிடமே கேளுங்கள். என்னைப் போன்ற "மிஸ்" சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கைவிட்டுப் போனவை எல்லாவற்றுக்கும் உங்கள் கையே காரணம் என்றும் எண்ணாதீர்கள்.