அம்மாவின் சீட்டு

சீட்டு என்றதும் நண்பர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். விடுதியில் நடக்கும் ஆட்டத்துக்கு நான் வெறும் பார்வையாளனே. ஒரு கட்டில் 52 சீட்டு; அவற்றுள் ஏஸ் நான்கு. முதலில் உருவியது ஏஸாக இருந்து, அதைத் திரும்பச் செருகாமல் அடுத்ததை உருவினால், அதுவும் ஏஸாவதற்கு வாய்ப்பு 51இல் 3. முன் நடந்தது பின் நடப்பதன் கணக்கை மாற்றிவிடுகிறது. நிபந்தனை நிகழ்தகவு என்று இதற்குப் பெயர். நான் இதைக் கற்றது சீட்டுக்கட்டில் அன்று. ஒரு பித்தளைச் செம்பில்.

மூணாற்றுக்கு மேலே, 1956 மாநிலப் பிரிவினையில் கேரளத்தோடு நின்றுவிட்ட தேவிகுளம் வட்டத்தில், தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் வளர்ந்தவன் நான். அங்கே பெண்கள் 20 பேர் கூடிக் குலுக்குச் சீட்டு நடத்துவார்கள்; மலையாளத்தில் குறி என்பார்கள். ஆளுக்கு மாதம் 500 ரூபாய். பெயர்களை எழுதிச் செம்பில் இட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பெயர் வந்தவளுக்கு 10,000 ரூபாய். அவள் பெயர் மறுபடி செம்புக்குள் போகாது. பணம் மட்டும் கட்டிவருவாள்.

நான் பாலக்காட்டில் பட்டப்படிப்புக்குச் சேர வேண்டிய ஆண்டு. கல்லூரிக்கும் விடுதிக்கும் அந்தப் பணத்தைத்தான் அம்மா நம்பியிருந்தாள். முந்திய ஜூனில் தொடங்கிய சீட்டு, மே வரை 12 முறை குலுக்கியாயிற்று; அவள் பெயர் வரவில்லை. "என் ராசி அப்படி" என்றாள். ஜூனில் எட்டுப் பெயர்தான் மிச்சம். அப்போதும் வரவில்லை. கம்மலை அடகு வைத்தாள். அக்டோபரில், 17ஆவது குலுக்கலில் வந்தது.

ராசிதானா என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் மாதம் பெயர் வராமல் போக வாய்ப்பு 20இல் 19. அப்படிப் போனபின் அடுத்த மாதம் 19இல் 18. இப்படியே பன்னிரண்டாம் மாதம் 9இல் 8. எல்லாவற்றையும் பெருக்கினால் மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 20இல் 8 எஞ்சும். நூற்றுக்கு 40! எடுத்த பெயரைத் திரும்பப் போடும் வழக்கம் இருந்திருந்தால் நூற்றுக்கு 54 ஆகியிருக்கும். ஆக, விடாமல் துரத்திய துரதிருஷ்டம் ஒன்றுமில்லை. இவ்வளவு பெருக்கலும் வேண்டியதில்லை. 12 பேருக்குப் போனால் யாரோ எட்டுப் பேர் மிஞ்சித்தானே ஆகவேண்டும்?

விடுமுறையில் அடுப்படியில் உட்கார்ந்து இதை அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கணக்குச் சரிதாண்டா. அந்த எட்டுப் பேருல ஜூன்ல காசு வேண்டியிருந்தது எனக்கு ஒருத்திக்குத்தானே?"

என் தாளில் அதற்கு இடமில்லை. இப்போது ஓடும் சீட்டில் ஜூன் மாதத்துக்குக் குலுக்கல் கிடையாது. பிள்ளையைப் படிப்பில் சேர்க்கிறவளுக்கு அதைக் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற மாதங்களுக்குத்தான் செம்பு. அம்மா சொல்லி ஏற்பாடானது அது.