நுழைவுச் சீட்டில்லா நூதனசாலை

இலண்டன் மாநகரைக் கண்டு மீண்டவர்கள் சொல்லும் செய்திகளுள் நம்மவர் எளிதில் நம்பாத ஒன்றுண்டு. அந்நகரிலே ஒரு கோப்பை தேநீர் அருந்தப் பணம் வேண்டும். ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்குப் பஸ் வண்டியிற் செல்லவும் பணம் வேண்டும். ஆயினும், உலகின் நாற்றிசைச் செல்வங்களும் வந்து குவிந்திருக்கும் பிரித்தானிய நூதனசாலையின் நிரந்தரக் கூடங்களைக் காண்பதற்கு ஒரு காசும் வேண்டியதில்லை. செல்வரும் கூலியாளும் அவ்வாயிலிலே ஒரு தரத்தவர்.

இவ்வழக்கம் நேற்று இன்று உண்டானதன்று. ஹான்ஸ் சுலோன் என்னும் மருத்துவர், தாம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் அரும்பொருள்களும் சிதறிப் போகாமல் நாட்டு மக்களுக்கே உரியனவாதல் வேண்டும் என விரும்பினார். 1753-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர்தம் மக்களுக்கு 20,000 பவுண் கொடுத்து அவற்றை ஏற்றுக்கொள்ளப் பாராளுமன்றம் இசைந்தது. அப்பணத்தை எவ்வாறு திரட்டினார்கள் தெரியுமா? லொத்தர்ச் சீட்டு விற்றே திரட்டினார்கள்! 1759 ஜனவரி 15-ஆம் நாள் நூதனசாலை திறக்கப்பட்டது. முற்காலத்தில் எழுதி விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியிருந்தது. ஆனால் அச்சீட்டுக்கு விலையில்லை. 1974-இல் சில மாதங்கள் கட்டணம் வாங்கிப் பார்த்து, விரைவிலே அதனைக் கைவிட்டனர். கட்டணம் வாங்கிவந்த ஏனைய தேசிய நூதனசாலைகளும் 2001 டிசம்பர் முதல் இலவசமாயின.

இலண்டன் மட்டுமன்று. ஸ்பெயின் நாட்டு மட்றிட் நகரிலுள்ள பிராடோ ஓவியசாலை, மூடுவதற்கு முந்திய இரண்டு மணி நேரம் எவரையும் கட்டணமின்றி உள்ளே விடுகின்றது. இத்தாலி நாட்டிலே 2014 முதல் மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசுக்குரிய நூதனசாலைகளை இலவசமாகக் காணலாம். இவற்றை முன்னரே விசாரித்து, நாளும் நேரமும் பார்த்துச் செல்லும் மாணவன், வெறுங்கையோடு புகுந்து அறிவுச் செல்வத்தோடு வெளியே வருகிறான்.

பிரித்தானிய நூதனசாலையிலே நம் இலங்கைத் தீவின் பொருள் ஒன்றும் உண்டு. தாராதேவியின் பொன்பூசிய வெண்கலத் திருவுருவம் அது. ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். காலம் 8-ஆம் நூற்றாண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த அதனை, இலங்கையில் தேசாதிபதியாயிருந்த சேர் ரொபேட் பிரவுண்ரிக் 1830-இல் அந்நூதனசாலைக்கு அளித்தார். இலண்டனில் வாழும் சிறுவன் பாடசாலை விட்டு வீடு செல்லும் வழியிலே காசின்றி அதனைக் கண்டு செல்லலாம். மட்டக்களப்புச் சிறுவனுக்கோ அது கடல் கடந்த காட்சி.

இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். இலவசம் என்றால் செலவில்லை என்பது பொருளன்று. காவலாளரின் சம்பளம், கண்ணாடிப் பேழை, விளக்கு, கூரை ஒழுகாமற் காக்கும் வேலை ஆகிய அனைத்துக்கும் எவரோ பணம் கொடுக்கின்றனர். பார்ப்பவன் கொடாத பணத்தை நாடு கொடுக்கிறது. அவ்வாறு கொடுப்பார் இல்லாத இடத்திலும் கட்டணமின்றிக் காணத்தக்க அரும்பொருள்கள் உண்டு. அவற்றைத் தேடி ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. மன்னார் மாவட்டத்து நானாட்டானுக்குப் போனாற் போதும்.

நானாட்டான், மன்னார்த் தீவுக்கு அப்பால் பெருநிலத்திலே, முருங்கனிலிருந்து சிலாவத்துறை செல்லும் வீதியில் அமைந்த ஊர். நெல் விளையும் பூமி. தலைமன்னார்ப் பாதையிலுள்ள முருங்கன் புகையிரத நிலையத்தில் இறங்கி அங்கே செல்லலாம். ஊருக்குள்ளே நூதனசாலை என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டடம் எதனையும் நாம் தேடிச் செல்லவில்லை. ஊரைச் சூழ்ந்த நிலமே நூதனசாலையாய் விரிந்து கிடப்பதைக் காணவே சென்றோம். 2020-ஆம் ஆண்டில் இவ்வூரிலே மண்ணை வெட்டியபோது பழைய நாணயக் குவியல் ஒன்று வெளிப்பட்டது. எந்த வயலின் கீழே எந்த நூற்றாண்டு உறங்குகின்றதோ, யார் அறிவார்!

காலையில் நாம் கண்டது கட்டுக்கரைக்குளம். சிங்களத்தில் யோத வெவ என்பர். ஆங்கிலேயரும் அப்பெயரின் பொருள்படவே அரக்கன் குளம் என்றனர். மாரி பெய்து நிறைந்த காலத்திலே அணைக்கட்டில் நின்று பார்ப்பவர் இது குளமோ கடலோ என மயங்குவர். 5-ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னன் காலத்துப் பணி இது என வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். அருவியாற்றின் குறுக்கே கல்லால் அணை கட்டி, கால்வாய் வெட்டி, ஆற்று நீரை இக்குளத்துக்குக் கொண்டுவரப் பழையோர் முயன்றனர். அக்கல்லணை தேக்கம் என்று வழங்குகின்றது. அணைக்கட்டுக்குக் கீழே பசுமை பரந்த வயல்களும், நீர்மேல் மிதக்கும் புள்ளினங்களும் கண்ணுக்கு விருந்து. 1954 முதல் இக்குளம் சரணாலயமாகவும் விளங்குகின்றது.

குளத்தை அடுத்த நிலத்திலே 2016, 2017-ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார், பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அவர்கள் தலைமையில் அகழ்வாய்வு நடத்தினர். சுடுமண் உருவங்களும் மட்பாண்டங்களும் பிறவும் வெளிப்பட்டன. குளம் கட்டியவர் பெயரை ஏடுகள் கூறலாம். குளத்தருகே வாழ்ந்தவர் கையால் பிசைந்த மண்ணோ, அவர் விரலடையாளத்தையே நமக்குக் காட்டுகின்றது.

அங்கிருந்து வடமேற்கே சென்று மாந்தையை அடைந்தோம். மாதோட்டம் எனப் புகழ்பெற்ற பழந்துறைமுகம் இதுவே. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பாலாவிக் கரையிலே பொலிகின்றது. பறங்கியர் காலத்தில் அழிந்த இத்தலத்தை மீட்டெடுக்க 1872-இல் ஆறுமுக நாவலர் குரல் எழுப்பினார். புதுக்கியமைத்த கற்றளிக்கு 2022 ஜூலையிலே குடமுழுக்கு நடந்தது. கோயிலை வணங்கிய அடியார் பலர் அப்படியே திரும்பிவிடுகின்றனர். அருகே, குதிரை இலாட வடிவாய் இரட்டை அகழி சூழ்ந்து கிடக்கும் மண்மேட்டை அவர்கள் நோக்குவதில்லை. அம்மேடே பழைய நகரம்.

1980 முதல் 1984 வரை இங்கே அகழ்வாய்வு நடந்தது. போர் மூண்டமையால் நின்றது. சீனத்துப் பீங்கானும், பாரசீக வளைகுடாப் பக்கத்துக் கலங்களும், மணிகளும் மேட்டிலிருந்து வெளிப்பட்டன. பின்னர், 2009, 2010-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்விலே கிடைத்தது ஒரே ஒரு கராம்பு. நம் வீட்டு அடுக்களையில் டப்பாவுக்குள் கிடக்கும் அதே கராம்புதான். ஆனால் இதன் வயதோ ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. அக்காலத்திலே கராம்பு விளைந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் ஒன்றே. அத்துணைத் தொலைவிலிருந்து கப்பலேறி வந்து, எவர் கையிலிருந்தோ தவறி, மாதோட்டத்து மண்ணிலே விழுந்து கிடந்தது. ஒரு நகரத்தின் பெருமையை உரைக்க மாளிகை வேண்டியதில்லை. ஒரு கராம்பு போதும்.

மாதோட்டத்துக்கு உரிய சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. தாழி குமரன் என்பான் இங்கே இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுப்பித்தான் என அது கூறுகின்றது. அக்கல் இப்பொழுது கொழும்பு நூதனசாலையிலே இருக்கின்றது. கல் அங்கே பத்திரமாய் இருத்தல் நன்றே. ஆயினும் மாந்தைப் பிள்ளை தன் ஊர்ப் பெயரைக் கல்லிலே வாசிக்க வேண்டுமாயின், பிரயாணச் செலவும் நுழைவுக் கட்டணமும் கொடுத்து அத்துணைத் தூரம் போகவேண்டும். இலவசம் என்ற சொல்லின் மறுபக்கம் இங்கே விளங்குகின்றது. வாயிலிலே கட்டணம் இல்லாதிருந்தாலும், தூரமும் ஒரு கட்டணமே.

மாலையில் தெற்கே திரும்பி, நானாட்டானைக் கடந்து, அருவியாற்றைத் தாண்டி அரிப்புக்கு வந்தோம். ஆறு கடலோடு கலக்கும் இவ்விடத்திலே போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கொண்ட சிறு கோட்டை ஒன்றுண்டு. கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய 20 ஆண்டு சிறையிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தோழர் ஒருவருடன் அருவியாற்றங்கரை வழியே காடு கடந்து வந்து, 1679 அக்டோபரிலே இக்கோட்டையிற் புகலடைந்தார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681-இல் இலண்டனிலே அச்சேறியது. மாணவர்கள் பாடப்புத்தகத்தில் வாசிக்கும் வரலாற்றின் ஓர் அத்தியாயம் இந்தக் கற்சுவரின் நிழலிலே முடிவடைந்தது.

கோட்டைக்குச் சற்றுத் தெற்கே, கடலோர மேட்டின் விளிம்பிலே டொரிக் மாளிகையின் இடிபாடு நிற்கின்றது. இலங்கையின் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்யும் பொருட்டு 1801-க்கும் 1804-க்கும் இடையே இதனைக் கட்டுவித்தார். பழைய கிரேக்கரின் தூண்முறையைப் பின்பற்றியமையால் அப்பெயர் வந்தது. ஒரு காலத்தில் இக்கரையிலே சலாபம் தொடங்கிவிட்டால் மணல்வெளி நகரமாகிவிடும். இருகரைத் தமிழரும் அராபியரும் ஆகிய சுழியோடிகள், வணிகர், வட்டிக்காரர் எனப் பல்லாயிரவர் கூடுவர். முத்துப்பார்கள் வற்றின. 1925-இல் நடந்ததே பழைய முறையில் நடந்த கடைசிப் பெருஞ்சலாபம். பின்பு கடலும் காற்றும் மாளிகையை எடுத்துக்கொள்ளத் தொடங்கின. இன்று எஞ்சியிருப்பவை சில சுவர்களே.

வலை உலர்த்திக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு அருகில் வந்தார்.

"எங்கயிருந்து வாறியள் ஐயா? அல்லிராணியின்ர கோட்டை பார்க்கவோ?"

ஊரார் இம்மாளிகையை அல்லிராணிக் கோட்டை என்றே சொல்கின்றனர். தேசாதிபதியின் பெயரை மறந்து, கதையில் வரும் அரசிக்கு அதனை உரிமையாக்கிவிட்டனர்.

"முந்தி எவ்வளவு பெரிதாக இருந்தது, பெரியவர்?" என்றோம்.

அவர் கடலை நோக்கிக் கையை நீட்டினார். "நான் சின்னப் பொடியனா இருக்கேக்கை, அந்தா அதில சுவர் நிண்டது. நாங்கள் அதடியில விளையாடினது. இப்ப அதில மீன் விளையாடுது."

அவர் சிரித்தார். எம்முடன் வந்த மாணவர்கள் சிரிக்கவில்லை. நெடுநேரம் அத்திசையையே பார்த்து நின்றனர்.

நுழைவுச் சீட்டு இல்லாத இரண்டு வகை இடங்களை இங்கே கூறினோம். ஒன்றில், பார்ப்பவனுக்குப் பதிலாக நாடு பணம் செலுத்துகின்றது. ஆகவே பொருள் நிலைக்கின்றது. மற்றொன்றில், எவருமே போதிய அளவு செலுத்துவதில்லை. ஆகவே பொருள் தேய்கின்றது. வாசகருக்கு இரண்டும் இலவசமே. பேரனுக்கு இரண்டும் ஒன்றல்ல.

கடலரிப்பைத் தடுப்பது அரசும் அறிஞரும் செய்யவேண்டிய பெருங்காரியம். தோண்டியெடுத்த பொருள்களை ஊர்ப் பிள்ளைகள் பார்க்கத்தக்கதாக நானாட்டானிலோ மன்னாரிலோ ஒரு சிறு காட்சிக்கூடம் அமைவதும் அவ்வாறே. ஆயினும் சாதாரண குடும்பத்தாரும் மாணவரும் செய்யத்தக்கன சில உள. சுவரிலே பெயர் கீறாதிருத்தல். ஓட்டுத்துண்டும் மணியும் கண்ணிற் பட்டால் சட்டைப் பையிற் போடாதிருத்தல். நிலத்திலே பழம்பொருள் கண்டால் அதிகாரிகளுக்கு உடனே அறிவித்தல். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் அதனையே வேண்டுகின்றது. இன்னும் ஒன்று: ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கொருமுறை டொரிக் மாளிகையைப் படம் பிடித்து, நின்ற சுவர்களை எண்ணி எழுதி வைக்கலாம். பத்தாண்டு சென்றபின் அக்குறிப்பேடே ஓர் ஆவணமாகும். இலண்டன் பிள்ளைகளுக்குக் கிட்டாத பணி அது.

அடுத்த விடுமுறைக்குக் கட்டுச்சோறும் குடிநீரும் எடுத்துக்கொண்டு நானாட்டானுக்குப் புறப்படுங்கள். நிழல் குறைந்த நாடாகையால் குடையும் வேண்டும். நாம் அரிப்பைக் கடைசியிற் பார்த்தோம். நீங்கள் அங்கிருந்தே தொடங்குங்கள். கட்டுக்கரைக்குளம் உங்களுக்காகக் காத்திருக்கும். மாந்தை மண்ணும் காத்திருக்கும். கடல் காத்திராது.