தொண்டைக் கரகரப்பு இருக்கா?

முதல் முறை போனபோது வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். நவம்பர் மழை. சென்னையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவு. செருப்பைக் கழற்றிக் கையைக் கழுவி நிமிர்ந்தால் சிஸ்டர் கேட்கிறார்: “சளி, தும்மல், தொண்டைக் கரகரப்பு ஏதாவது இருக்கா சார்?” முந்தின இரவிலிருந்து தொண்டையில் லேசான உறுத்தல். இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. “கொஞ்சம்…” என்று இழுத்தேன். அவர் சிரித்தபடி லிஃப்ட்டைக் காட்டினார். “நல்லா ஆனதும் வாங்க.”

இரண்டு வாரம் கழித்துப் போனேன்.

அடுத்தடுத்து இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். நடுவிலுள்ள சின்ன இடத்தில் கவுனும் மாஸ்க்கும் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே காதில் முதலில் விழுவது ஒரு சீரான இரைச்சல். ஹெப்பா ஃபில்டர் வழியாக வடிகட்டிய காற்று கூரையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு 12 முறையாவது அறைக் காற்று மாற வேண்டும். அறைக்குள் அழுத்தம் சற்று அதிகம் என்பதால், கதவைத் திறந்தால் உள்காற்றுதான் வெளியே போகும்.

இத்தனையும் முக்கியமாகப் பூஞ்சைக்கு எதிரான ஏற்பாடு. பூங்கொத்துக்கும் தொட்டிச் செடிக்கும் இங்கே தடை இருப்பது அதனால்தான். “வைரஸ் கூரை வழியா வராது சார். ஆள் வழியாத்தான் வரும்,” என்றார் கூட வந்த மருத்துவர். நோயாளிக்கே வைரஸ் தொற்றிவிட்டால் இதே காற்றழுத்தம் அதை நடைபாதைக்குத் தள்ளும். அவரை வேறு வகை அறைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முப்பது வயதிருக்கும் ஒருவர், மொட்டைத் தலையோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ரத்தப் புற்றுநோய். தம்பியின் ஸ்டெம் செல் ஏற்றி ஒன்பது நாள். அவருடைய பழைய மஜ்ஜையைக் கீமோ துடைத்துவிட்டது. புதியது இன்னும் வேர் பிடிக்கவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த அவருடைய அம்மா சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்தார். “கவுண்ட் ஏறுச்சாம்மா?” இந்த வார்டில் நாள் விடிவது அந்தக் கேள்வியோடுதான். நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் மஜ்ஜை பிடித்துவிட்டது என்று கணக்கு.

ஆனால் சளி வைரஸ்களைப் பொறுத்தவரை அந்தச் சந்தோஷம் பாதிதான். நியூட்ரோஃபில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் சமாளிக்கும். வைரஸை அடக்க லிம்போசைட்டுகள் வேண்டும். அவை தேறி வரப் பல மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். கவுண்ட் ஏறியது என்று வீட்டுக்குப் போகும் ஆள், அங்கே மூக்கொழுகும் குழந்தைகளோடுதான் இருக்கப்போகிறார்.

அந்த மூக்கொழுகலுக்குக் காரணமாகும் வைரஸ்களில் ஒன்று ஆர்எஸ்வி. அதை 1956-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது சளி பிடித்த சிம்பன்சிகளிடமிருந்து. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் அது ஒரு தடவையாவது வந்துபோகும். அதே வைரஸ் இங்கே உள்ளவர்களுக்கு மூக்கிலிருந்து நுரையீரலுக்கு இறங்கினால் உயிரே போகலாம். இறங்குவதைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. வெள்ளணுக்கள் இல்லாத உடம்பில் சளி கட்டாது, எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கும். சிடி எடுத்தால்தான் தெரியும். மூக்கில் ஸ்வாப் எடுப்பதற்கே சிஸ்டர்கள் யோசிக்கிறார்கள். பிளேட்லெட் குறைந்தவருக்குக் குச்சி உரசினால் ரத்தம் நிற்காது.

மருந்து? ஃப்ளூ என்றால் ஒசெல்டமிவிர் உண்டு. ஆர்எஸ்விக்கு ரிபாவிரின் கொடுப்பவர்கள் உண்டு. அது எவ்வளவு உதவுகிறது என்று மருத்துவர்களுக்குள்ளேயே வாதம். 2001-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட மெட்டாநியூமோ வைரஸுக்கும் பாராஇன்ஃப்ளுயென்சாவுக்கும் நிரூபணமான மருந்தே இல்லை. எனவே எல்லாப் பாரமும் அந்த வாசல் கேள்வியின் மேல் வந்து விழுகிறது. அதிலும் சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது இந்த வடகிழக்குப் பருவமழையில்தான்.

கடைசி அறையில் விரித்த படுக்கை காலியாகக் கிடந்தது. அங்கே வரவேண்டியவருக்குத் திங்கட்கிழமை கீமோ தொடங்கியிருக்க வேண்டும். மூக்கடைப்பு என்று சோதித்ததில் ஆர்எஸ்வி. எல்கேஜி படிக்கும் மகளிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். சிகிச்சையைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தள்ளிவைத்த நாட்களில் புற்றுநோய் சும்மா இருக்காது என்பதுதான் கவலை. அந்த அப்பா மகளிடம் கோபப்பட்டிருப்பாரா என்று கேட்க நினைத்தேன்; கேட்கவில்லை.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு சிறுவயதுத் தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் அழிந்துபோகிறது. கைக்குழந்தைக்குப் போல எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். ஃப்ளூ ஊசி வழக்கமாக ஆறு மாதத்துக்குப் பின். அதுவரை கூட இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் வேலி.

வெளியே வந்து கவுனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, கான்ட்ராக்ட் ஆள், மாப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“போன தடவ ஒங்களதான திருப்பி அனுப்புனாங்க?”

“ஆமாம்மா. தொண்டை சரியில்லன்னு சொன்னேன்.”

“எனக்கும் போன மாசம் சளி. சொன்னேன். மூணு நாள் வரக் கூடாதுன்னுட்டாங்க.” மாப்பைப் பிழிந்தார். “ஒங்களுக்குச் சம்பளம் புடிக்கலல்ல?”