பச்சை இலையின் மேல் பனி

2014 செப்ரெம்பர் 7, ஞாயிறு, கல்கரி

இன்று மூன்று வீடுகள் பார்த்தோம். மூன்றாவது வீடுதான் மனதில் நிற்கிறது. பின்வளவில் வேலியோரமாக ஒரு பெரிய மரம், அடுக்களைக்குத் தெற்குப் பார்த்த யன்னல். அம்மாவின் கறிவேப்பிலைச் சாடியை அந்த யன்னலடியில் வைக்கலாம் என்று வீட்டுக்குள் நுழைந்த மறுநிமிடமே நினைத்துவிட்டேன். ரொறன்ரோவில், நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில், இந்த விலைக்கு இதில் பாதி வீடுகூட வராது. இவருக்கு இங்கே வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நல்ல வெயில். மகள் அரைக்கைச் சட்டையோடுதான் திரிந்தாள். இரவு சாப்பிடும்போது மச்சாள் சொன்னா: “வெயிலில வந்து வீடு பாக்கிறீர். மாசியில ஒருக்கா வந்து பாரும்.” பதினான்கு வருடமாக இங்கே இருப்பவ. நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

செப்ரெம்பர் 8, திங்கள்

காலையில் யன்னல் சீலையை விலக்கினால் வெளியே ஸ்னோ கொட்டுகிறது. பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு கிழமைதான். மச்சாளின் பூஞ்சாடிகளில் பூக்கள் இன்னும் நிற்கின்றன. தக்காளிச் செடியில் காய்கள் பச்சையாகவே தொங்குகின்றன. அதன் மேலெல்லாம் வெள்ளை. மச்சாள் பழைய பெட்சீற் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் செடியை மூடினா.

என் பெட்டியில் இருப்பது செருப்பும் ஒரு சோடி மெல்லிய சப்பாத்தும். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடமான ஒருத்தி இப்படி வந்து நிற்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ரொறன்ரோவில் செப்ரெம்பர் என்றால் வீட்டுத்தோட்டத்தில் பாகற்காயும் பயற்றங்காயும் பிடுங்கும் மாதம். அந்தப் பழக்கத்தையே கல்கரிக்கும் கொண்டுவந்திருக்கிறேன்.

செப்ரெம்பர் 10, புதன்

விடியப்புறம் வெளியே ஏதோ ‘படார்’ என்று வெடித்தது. நான் கட்டிலிலிருந்து இறங்கி நிலத்தில் குந்திவிட்டேன். ஊரைவிட்டு வந்து இத்தனை வருடமாகியும் உடம்பு மறக்கவில்லை. இரண்டாவது சத்தத்துக்குத்தான் மரக்கொப்பு முறிகிறதென்று விளங்கியது.

இந்த மூன்று நாளில் 25 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியிருக்கிறது. மார்கழியில் இவ்வளவு கொட்டினாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்போது மொட்டைக் கொப்பு, பனியும் காய்ந்த மாப்போல இருக்கும், காற்றுக்கே உதிர்ந்துவிடும். இப்போது இலையெல்லாம் பச்சையாக நிற்கிறது. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்பதால் பனியில் ஈரம் ஏறிப் பாரமாயிருக்கிறது. ஒவ்வொரு இலையும் உள்ளங்கையைப்போல அதைத் தாங்கிப் பிடிக்க, பாரம் தாளாமல் கொப்பு முறிகிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. மச்சாள் தும்புத்தடியால் தன் வாசல் மரத்தைக் கீழிருந்து மெல்லத் தட்டித்தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தா. நானும் போய் உதவினேன். கழுத்துக்குள் விழுந்த பனி முதுகுவரை இறங்கியது.

நாங்கள் பார்த்த மூன்றாவது வீட்டு மரம் நடுவால் பிளந்து கிடக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து இவர் சொன்னார்.

போன மார்கழியில் ரொறன்ரோவில் பனிமழை பெய்து மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது நினைவுக்கு வந்தது. மூன்று நாள் அம்மாவுக்கு இரண்டு கோட் போட்டுக் கம்பளியால் சுற்றி வைத்திருந்தேன். ஆனால் அது நத்தாருக்கு முதல் கிழமை. இது செப்ரெம்பர் பத்து.

செப்ரெம்பர் 11, வியாழன்

வானம் வெளித்துவிட்டது. வெயில் கண்ணைக் கூசவைக்கிறது.

அடுக்களை மேசையில் மச்சாளோடு கனநேரம் கதைத்தேன். ஒரு வருடத்தில் விழும் பனியின் அளவை எடுத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ரொறன்ரோவில் சராசரி 120 சென்ரிமீற்றர் அளவு, கல்கரியில் 130க்குக் கிட்ட. இதைப் பார்த்துத்தான் இவர் “பெரிசா ஒண்டும் இல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “நீர் அளவைப் பாக்கிறீர். நாளைப் பாரும்,” என்றா மச்சாள். இங்கே பனி செப்ரெம்பரில் தொடங்கினால் மே மாதத்திலும் விழும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம், ரொறன்ரோவைவிட ஏழு பாகை வடக்கு. மார்கழி நடுவில் சூரியன் காலை எட்டரைக்குப் பிறகு வந்து மாலை நாலரைக்குப் போய்விடும்.

குளிரைச் சமாளிக்கிற வேலைகளை மச்சாள் சமையல் குறிப்புப்போல ஒப்புவித்தா. குளிர்கால டயரை முதல் பனிக்குப் பிறகு மாற்றப் போனால் கடையில் வரிசை; வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும், ஆகவே முதலே மாற்றிவிட வேண்டும். கார் எஞ்சினுக்கு பிளொக் ஹீற்றர் பூட்டி இரவில் வயரைச் செருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறை 25 பாகையில் காலையில் கார் உயிர்க்காது. ஃபேர்னஸ் குழாயின் வாயை வெளியே பனி மூடாமல் பார்க்க வேண்டும். அடைபட்டால் நச்சுப் புகை வீட்டுக்குள் திரும்பும். பனி நின்று 24 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு முன் நடைபாதையை வழித்துவிட வேண்டும், அது நகரச் சட்டம். காற்றில் ஈரமே இல்லாததால் மூக்கு வெடித்து இரத்தம் வரும். இரவில் ஈரப்பதக் கருவி ஓட வேண்டும்.

இதெல்லாம் காசும் பழக்கமும் இருந்தால் முடியும். எனக்கு இதில் பயமில்லை.

சினூக் என்ற காற்றைப் பற்றிச் சொல்லும்போது மச்சாளின் முகம் மலர்ந்தது. பசிபிக் பக்கமிருந்து வரும் காற்று ரொக்கி மலையில் ஏறும்போது ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்க இறங்கச் சூடாகுமாம். மேற்கு வானில் முகில் வளைவாக நிற்கும். சில மணித்தியாலத்தில் இருபது பாகை ஏறிவிடும். தை மாதத்தில் பனி உருகி ஓட, சனம் கோட்டைக் கழற்றிவிட்டு நடக்கும். ஆனால் அந்தக் காற்று சிலருக்கு ஒற்றைத் தலைவலியையும் கொண்டுவருமாம். அம்மாவுக்கு அந்த வருத்தம் இருக்கிறது.

செப்ரெம்பர் 12, வெள்ளி

இரவு நித்திரை இல்லை. அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு 74 வயது. ஸ்காபரோவில் குளிர்காலத்திலும் அவவுக்கு ஒரு நாள் இருக்கிறது. காலையில் பஸ் ஏறி மோலுக்குப் போய், கடைகள் திறக்க முதலே தன் வயதுப் பெண்கள் நாலைந்து பேரோடு உள்ளே சுற்றிச் சுற்றி நடப்பா. பிறகு கோப்பி. வெள்ளிக்கிழமை கோயில். வழியில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா என்று முறித்துப் பார்ப்பா. வீடு வரும்போது சொல்ல நாலு கதை இருக்கும்.

இங்கே டவுன்ரவுனில் கட்டடங்களை இணைத்து, நிலத்துக்கு மேலே கிலோமீற்றர் கணக்கில் மூடிய பாதை கட்டியிருக்கிறார்கள். பிளஸ் ஃபிஃப்ரீன் என்று பெயர். குளிர் படாமல் எங்கும் நடக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நாங்கள் பார்த்த வீடுகளோ நகரத்தின் விளிம்பில் இருக்கின்றன.

மச்சாளின் மாமியார் 2009இல் இங்கே வந்தவ. முதல் குளிர்காலம், கார்த்திகை முதல் சித்திரை வரை, வைத்தியரிடம் போனது தவிர வாசலைத் தாண்டவில்லை. ஒருக்கா வழுக்கி விழுந்த பயம். பேச்சுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது. இரத்தச் சோதனையில் வைற்றமின் டி அடிமட்டத்தில் இருந்தது. இந்த வடக்கில் குளிர்கால வெயிலால் தோல் அதைச் செய்யாது, கறுத்த தோலென்றால் இன்னும் கடினம். குளிசை கொடுத்தார்கள். காலையில் அரை மணித்தியாலம் முன்னால் இருக்கச் சொல்லி 10,000 லக்ஸ் விளக்கு வாங்கிக் கொடுத்தார்கள். “விளக்கு உதவினதுதான். ஆனா விளக்கோட கதைக்கேலாதே,” என்றா மச்சாள். மூன்றாம் வருடம் அவ ஊருக்கே திரும்பிப் போய்விட்டாவாம்.

இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நான்தான் வீட்டின் விலையை மட்டும் கேட்டிருந்தேன்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு, ஸ்காபரோ

நாலு மணித்தியாலப் பறப்பு. வீட்டுக்கு வந்ததும் அம்மா குளிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அங்கை என்னோட கதைக்க ஆர் பிள்ளை இருக்கினம்?” என்று மட்டும் கேட்டா. படங்களைக் காட்டினேன். பிளந்த மரத்தின் படத்தை நிறைய நேரம் பார்த்தா. “இலை கொட்ட முதல் வந்திட்டுதாக்கும்,” என்றா.

இரவு இவரோடு இருந்து பேசி முடிவெடுத்தோம். வேலைக்கு ஓம் சொல்வது. இவர் முதலில் தனியாகப் போய் வாடகைக்கு இருப்பது. ஒரு முழுக் குளிர்காலம் போகாமல் வீடு வாங்குவதில்லை. வாங்கினாலும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ரயில் பாதைக்குக் கிட்ட, அம்மா நடந்து திரிய ஒரு மோல் பக்கத்தில் இருக்கும் இடமாகத்தான் பார்ப்பது. அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் போகாமல் விடுவது. கடைசியாகச் சொன்னதுக்கு இவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினார்.

மாசி மாதம் மூன்று கிழமைக்கு அம்மாவுக்கும் எனக்கும் கல்கரிக்கு ரிக்கற் போட்டாயிற்று.